ஃப்ளோரன்ஸ் போட்ட பிரேக் பைப்

ராமசுப்புவின் கடையில் அரை மணி நேரமாக ஃப்ளோரன்ஸ் நின்றிருந்தாள். மண்ணடியில் அந்தத் தெரு முழுக்க டூல்ஸ் கடைகள்தான். துளைபோடும் மெஷின் கேட்டு வந்த இரண்டு பேரை அனுப்பிவிட்டு, ராமசுப்பு ஒரு நீலப் பெட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துத் திறந்தார்.

"இந்தாங்கம்மா, ஃப்ளேரிங் செட்டு. வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக்கா?"

"எனுக்குத்தான் அண்ணாச்சி. என் வண்டி பிரேக் பைப்புக்கு."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. பைப்பு வாயை விரிக்கணும். அவ்வளவுதானே?"

அவள் பையிலிருந்து ஒரு சாண் பைப்பை எடுத்து, அந்தச் செட்டின் பிடியில் இறுக்கி, திருகைச் சுற்றினாள். பைப்பின் வாய் புனல்போல் விரிந்தது. கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் இருந்தது.

"இங்க பாரு அண்ணாச்சி. ஒத்தத் தகடு. பிரேக்க அழுத்தி மிதிச்சா இந்த இடம்தான் பொளக்கும். வாய உள்ள மடிச்சி ரெண்டு தகடா ஒக்கார வெக்கணும். அந்த டூல் கீதா?"

ராமசுப்பு மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு கீறலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மாடி ஏறிப் போய் இரண்டு பெட்டிகளோடு இறங்கி வந்தார்.

ஒன்று எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. பெரிய பெட்டி, பதினைந்து அளவுகளுக்கு அச்சுகள். "இதைத்தான் பெரிய ஷெட்டுக்காரங்க கேக்காங்க" என்றார். அவள் வண்டிக்கு வேண்டியது ஒரே அளவு, நாலே முக்கால் மில்லிமீட்டர். மற்ற அச்சுகள் துருப்பிடித்துக் கிடக்கத்தான் ஆகும் என்று அதை ஒதுக்கினாள். இன்னொன்று, பலகையில் மாட்டும் வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடிக்க வேண்டிய கனமான இரும்பு. தலையைத் திருப்பினால் முதல் அழுத்தத்துக்கு ஓர் அச்சு, இரண்டாவதற்கு இன்னொன்று வந்து நின்றது. அதன் நீளக் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தபோது ஃப்ளோரன்ஸின் தோள் தானாகவே கொஞ்சம் முன்னால் சாய்ந்தது.

"இதக் குடு."

வளைக்கும் கருவியிலும் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். நீளக் கைப்பிடி வைத்தது அழகாக வளைத்தது, ஆனால் முனையிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் வளைக்க முடிந்தது. பெடலின் அழுத்தத்தைப் பைப்புக்குள் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியே வந்ததுமே பைப் திரும்ப வேண்டும். ஆகவே குறடுபோல் இருந்த சின்னதை எடுத்தாள். அறுப்பதற்கு ரம்பம் வேண்டாம், பிசிறு விழும், உருண்டு வெட்டும் கட்டர் போதும் என்றாள்.

"பைப்பு? செம்பு தரட்டுமா?"

"செம்பு தாங்காது. இரும்பு எங்க வண்டியில ஆறு மாசம்கூட வரல. செம்புல நிக்கல் கலந்தது கீதா?"

மேல் அடுக்கில் தூசியோடு ஒரு சுருள் இருந்தது. ராமசுப்பு அதை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். "எங்கம்மா இதெல்லாம் படிச்ச?"

"எட்டு வருசம் இதே வேலைதான் அண்ணாச்சி" என்று சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திருவொற்றியூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பிரேக் பைப் கம்பெனியில் ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூறு வாய் மடித்தவள் அவள். எல்லாம் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறம் மாறியது. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் மடிக்கும் மெஷின் வந்த வாரத்தில் அந்த வரிசையில் இருந்த பதினான்கு பெண்களையும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நட்டு கோத்துக்கொண்டிருந்த சீனியம்மாள் மீன் கூடை தூக்கப் போனாள். ஃப்ளோரன்ஸ் பழைய வேன் ஒன்றை வாங்கினாள். விடியற்காலையில் காசிமேட்டில் சீனியம்மாளையும் இன்னும் ஐந்து பெண்களையும் கூடைகளோடு ஏற்றி, மாத்தூர், புழல் என்று தெருத்தெருவாக இறக்கிவிடுவாள்.

கூடையிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வேனின் தரையில் இறங்கி, அடியில் ஓடும் பிரேக் பைப்பைத் தின்றது. இரண்டு தடவை மெக்கானிக் ஒட்டுப் போட்டார். இரண்டாவது ஒட்டு மூலக்கடைப் பாலத்து இறக்கத்தில் விட்டுப்போனது. பெடல் தரைவரைக்கும் போயிற்று. அவள் கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரமாக நின்ற கரும்புச் சாறு வண்டியில் இடித்து நிறுத்தினாள். வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். சீனியம்மாளுக்கு முழங்கை பெயர்ந்தது. மற்றவர்கள் மீனும் ஐஸுமாக எழுந்து நின்றார்கள்.

"இனிமே எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்க்கா" என்றாள் ஃப்ளோரன்ஸ், அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலில்.

மண்ணடியிலிருந்து டூல்ஸோடு திரும்பியபோது, வீட்டில் வைஸ் மாட்ட இடமில்லை. குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய படகுப் பலகையைக் கிடத்தி, அதில் போல்ட் போட்டு இறுக்கினாள். கையில் கட்டோடு சீனியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழற்றிய பழைய பைப்பின் வளைவுகளின்மேல் நூலை ஒட்டவைத்து நீளம் எடுத்தார்கள். கட்டிலடியில் கிடந்த கம்பியை அதே மாதிரி வளைத்து வைத்துக்கொண்டார்கள்.

ஃப்ளோரன்ஸ் பைப்பை வெட்டி, உள்ளே பிசிறெடுத்து, பிடியில் இறுக்கினாள். முதல் இழுப்பில் வாய் காளான்போல் உப்பியது. தலையைத் திருப்பி மறுபடி இழுத்தாள். விளிம்பு உள்ளே மடிந்து, ஊசியாலும் பிரிக்க முடியாதபடி படிந்தது. மறுமுனையையும் மடித்தாள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

"எப்டிக்கா?"

"சோக்கா கீது. நட்டு எங்கடி?"

ஃப்ளோரன்ஸ் கையைப் பார்த்தாள். இரண்டு நட்டும் பலகைமேல் இருந்தன. வாயை மடித்த பிறகு அவற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைக்க முடியாது.

"எட்டு வருசமா நான் கோத்துக் குடுத்தேன், நீ இழுத்த. இன்னிக்கும் நான்தான் கோக்கணுமா?" சீனியம்மாள் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃப்ளோரன்ஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தப் பைப் சின்னத் துண்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள். அடுத்ததற்குச் சீனியம்மாள் ஒற்றைக் கையால் நட்டைக் கோத்து நீட்டினாள்.

பைப்பை வேனுக்கு அடியில் பொருத்த ஒன்றரை நாள் ஆயிற்று. இந்தத் தடவை தண்ணீர் வடியும் இடத்தைவிட்டு ஒரு சாண் தள்ளிப் பைப்பைக் கொண்டுபோனாள். கிளிப்புக்குக் கீழே ரப்பர் வைத்தாள். பிறகு சீனியம்மாளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, அடியில் படுத்துக்கொண்டு, பிரேக் ஆயிலில் நின்ற காற்றை வெளியேற்றினாள்.

"மிதி. புடிச்சிக்கோ. வுடு. திரும்ப மிதி."

"கல்லாட்டம் நிக்குதுடி."

எல்லா இணைப்புக்கும் கீழே பேப்பர் விரித்து, சீனியம்மாள் முழு பலத்தோடும் பெடலை அமுக்கினாள். பேப்பரில் ஒரு சொட்டு விழவில்லை.

இன்சூரன்ஸ்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கரும்பு வண்டி விவகாரம் முடியும்முன், பிரேக் சரியாக இருக்கிறது என்று பதிவுபெற்ற ஷெட் ஒன்றின் கடிதம் வேண்டும் என்றார். மாதவரம் பக்கம் ஷிபின் என்பவரின் ஷெட்டுக்கு அவள் வேனை ஓட்டிக்கொண்டு போனாள். ஷிபினுக்கு முப்பது வயதுதான் இருக்கும். வேன் லிஃப்டில் ஏறியதும், மெக்கானிக் விமல் டார்ச்சைப் பிடிக்க, அடியில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பைப்பை விரலால் தொட்டுக்கொண்டே பின்சக்கரம்வரை நடந்தார். வேனை வெளியில் எடுத்து ஓட்டி, இரண்டு தடவை சடாரென்று மிதித்துப் பார்த்தார்.

"யாரு பண்ணது?"

"நான்தான் சார்."

அவர் நம்பாததுபோல் பார்த்தார். அவள் எந்தப் பைப், எத்தனை வளைவு, எங்கே ஏன் திருப்பினாள் என்று சொல்லச் சொல்ல, மற்ற பையன்களையும் கூப்பிட்டார். "பாத்துக்கோங்கடா. இப்படித்தான் இருக்கணும் வேலை."

ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்து நின்றாள்.

அலுவலக அறையில் அவர் ஃபாரத்தை எடுத்தார். "ஐ.டி.ஐ. ஏதும் படிச்சிருக்கீங்களா? கம்பெனி சர்வீஸ் லெட்டர்?"

"எட்டு வருசம் வேல பாத்தேன். லெட்டர்லாம் குடுக்கல சார்."

"அப்போ உங்க பேரைப் போட முடியாதே அக்கா. போட்டா இன்சூரன்ஸ்ல இதை வாங்கமாட்டாங்க." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கதவுப் பக்கம் திரும்பி, "விமல், வந்து சைன் பண்ணு" என்றார்.

விமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். 'பிரேக் பைப் புதிதாகச் செய்து பொருத்திய மெக்கானிக்' என்று இருந்த இடத்தில், அவளைப் பார்க்காமல், பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஷிபின் முத்திரையைக் குத்தி, தாளை அவள் பக்கம் திருப்பி, கடைசி வரியைப் பேனாவால் காட்டினார்.

'வேலை எனக்குத் திருப்தியாக முடித்துத் தரப்பட்டது. வாகன உரிமையாளர்.'

கைப்பிடி இழுத்துக் காய்த்துப்போன கையால் பேனாவை வாங்கி, ஃப்ளோரன்ஸ் அதன்கீழ் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.