விருந்தாளித் துப்பாக்கிகள்

அதிகாரி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போன பிறகுதான் சௌம்யா சுவரில் மாட்டியிருந்த உரிமத்தை முழுதாகப் படித்தாள். திங்கட்கிழமைதோறும் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத் துடைப்பவள் அவள்தான். நீலாத்ரி கன் ஒர்க்ஸ், பன்னிமண்டபம், மைசூரு. வருஷத்துக்கு எத்தனை துப்பாக்கி செய்யலாம், எத்தனை விற்கலாம் என்றெல்லாம் போட்டிருந்தது. கடைசிக்கு முந்தின வரியில், பிறருடைய துப்பாக்கிகளை ஐம்பது வரை பாதுகாப்பில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்த பிறர் துப்பாக்கிகள் நூற்று முப்பத்தாறு. அந்த எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பியதும் அவள்தான்.

தொண்ணூறு வருஷத்துக் கம்பெனி. இரண்டு வருஷமாக மாதத்துக்கு நாலு துப்பாக்கி விற்றால் பெரிய விஷயம். எழுபதை நெருங்கிய முதலாளி கிருஷ்ணஸ்வாமி, மகன்கள் யாரும் எட்டிப் பார்க்காததால் போன தை மாதம் அதை அபிஜித்துக்கு விற்றார். அபிஜித் பெங்களூருக்காரன், முப்பத்துநாலு வயது, போட்டிகளில் சுடுபவன். புனேயில் ஒரு பயிற்சி நிலையத்திடம் இலக்குச் சுடும் துப்பாக்கி நாற்பதுக்கு ஆர்டர் பிடித்திருந்தான். குழாய்க்கான எஃகுகூட வந்து இறங்கிவிட்டது. ஜூன் மாதத்துக்குள் உரிமம் அவன் பெயருக்கு மாறினால் வேலை ஆரம்பம். பட்டறை ஆட்கள் ஒன்பது பேரும் பதிவேடு எழுதும் சௌம்யாவும் அந்த நாற்பதை நம்பித்தான் இருந்தார்கள்.

உரிமம் மாற உரிம அலுவலகத்தில் இருப்புப் பட்டியல் கேட்டார்கள்.

நீலாத்ரியில் இரண்டு பதிவேடுகள் உண்டு. ஒன்று கம்பெனியுடையது. மற்றது நீள நோட்டு, அட்டையில் கிருஷ்ணஸ்வாமியின் கையெழுத்தில் 'விருந்தாளிகள்'. தேர்தல் வந்தால் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் எல்லோரும் ஒப்படைத்தாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் துருப்பிடித்துத் திரும்பும் என்று ஹனூர், கொள்ளேகால், குண்டலுபேட்டை ஆட்கள் பஸ் ஏறி இங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். எண்ணெய் போட்டு, ஆடுகிற ஆணியை முடுக்கி, தேர்தல் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது கிருஷ்ணஸ்வாமியின் அப்பா காலத்து வழக்கம். இங்கே கொடுக்கும் ரசீதை அவரவர் ஸ்டேஷனில் காட்டுவார்கள். ஒரு ஸ்டேஷனுக்கு அதன் எல்லைக்குள் உள்ள ஆறோ ஏழோதான் தெரியும். மொத்தம் எவ்வளவு என்று எவரும் கூட்டிப் பார்த்ததில்லை.

இந்தத் தேர்தலுக்கு வந்தவற்றைச் சௌம்யா கூட்டினாள். சாமான் யாருடையதானாலும் கூரைக்குக் கீழே இருந்தால் பட்டியலில் இருக்க வேண்டும் என்று அவள் போன கணக்குப்பதிவு மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை சரிபார்த்தாள். அப்போதும் சந்தேகம் தீராமல் கிருஷ்ணஸ்வாமியிடம் போய், "சார், விருந்தாளிகளையும் சேக்கணுமா?" என்று கேட்டாள். அவர் மேல்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சேத்துடும்மா. ஒளிக்கறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

அபிஜித் பட்டியலைப் பார்த்து, "பஹள சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கு! எல்லாம் ஒரே ஷீட்லயா? நீங்க இந்தக் கம்பெனிக்கு முன்னாடியே வந்திருக்கணும்" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். மோர் வாங்கிக் குடித்தார். பட்டியலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பப் பட்டியலைப் பார்த்தார். உள்ளே போய் எண்ணினார். அவள் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. உரிமம் மாற்றும் விண்ணப்பம் நிறுத்திவைப்பு, விசாரணை முடியும்வரை பட்டறை மூடல், ஆயுத அறைக்கு முத்திரை.

"நாப்பது வருஷமா ஒருத்தரும் கேட்டதில்லை," என்றார் கிருஷ்ணஸ்வாமி.

"கேக்காம இருந்ததுதான் சார் நம்ம லக்கு," என்றான் அபிஜித். "நீங்க கூப்பிட்டு கூப்பிட்டு விருந்து வெச்சிருக்கீங்க."

"வாசல்ல வந்து நிக்கறவனை எண்ணிண்டா உள்ள விடுவா?"

"எண்ணணும் சார்! சுவத்துல போட்டிருக்கே!"

இருவரும் அவளைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "சார், தட்டச்சுல தப்புன்னு நான் எழுதிக் குடுத்துடட்டுமா?" என்றாள்.

அபிஜித் சிரித்தான். "ஆபீஸரே கையால எண்ணிட்டாரே, சௌம்யா."

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு அவள் உரிம அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கோப்பு பரிசீலனையில் இருக்கிறது என்று மரியாதையாகவே சொன்னார்கள். தேர்தல் முடிந்தது, வாக்கு எண்ணினார்கள், ஊரெல்லாம் பட்டாசு வெடித்து ஓய்ந்தது. கோப்பு அங்கேயே இருந்தது. பட்டறை ஆட்களில் நாலு பேர் நஞ்சனகூடு பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஜூன் இரண்டாம் வாரம் புனேயிலிருந்து மின்னஞ்சல் வந்தது. காத்திருக்க முடியாததற்கு வருந்துகிறோம், ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம். அபிஜித் அதை அவளிடம் காட்டிவிட்டு, எஃகைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்க வெளியே போனான். இனி உரிமமே வந்தாலும் செய்துகொடுக்க ஆர்டர் இல்லை.

அன்றைக்கே ஹனூரிலிருந்து ஆறேழு பேர் ரசீதும் கையுமாக வந்து நின்றார்கள். அவர்களில் அவளுடைய அப்பா லிங்கப்பனும் இருந்தார்.

"புள்ள வேல செய்யுற எடம், நமக்கு மொதல்ல கெடைக்கும்னு சொல்லி இவங்களயெல்லாம் இழுத்தாந்துட்டேன்," என்றார். "எடு கண்ணு. மஞ்சக் கெழங்கு ஊனி எட்டு நாளாவல, பன்னி பாதிய நோண்டிருச்சு. ஒரு வேட்டு மேல விட்டாப் போதும், ஓடிரும்."

அவள் முத்திரையைக் காட்டினாள்.

"தேருதல் முடிஞ்சுபோச்சுல்ல?"

"முடிஞ்சுதுங்கப்பா. இது வேற."

"அதென்ன வேற? பன்னிக்குத் தெரியுமா வேறன்னு?" பின்னால் நின்ற ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். "ராத்திரி தவுலு அடிச்சுப் பாத்தமுங்க. அது கல்யாணச் சாப்பாடுன்னு நெனச்சுக் குடும்பத்தோட வருது."

சௌம்யா சிரிக்கவில்லை. பட்டியலைப் பற்றிச் சொன்னாள். ஐம்பது, நூற்று முப்பத்தாறு, தான் கூட்டியது, தான் அனுப்பியது. சொல்லி முடிக்கும்வரை லிங்கப்பன் ரசீதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கரெக்டாத்தான எழுதுன?"

"கரெக்டுதாங்கப்பா."

"பொறகென்ன?" என்றார். ரசீதைப் பின்பக்கமாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார். "எப்பத் தொறப்பாங்கன்னு இதுல ஒரு தேதி போட்டுக் குடு. ஸ்டேசன்ல கேப்பாங்க."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். "எந்தத் தேதிங்கப்பா போடறது?"

"உனக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியலீங்கப்பா."

அவர் கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சரி, தேதி வேண்டாம். உன் பேர எழுது. துப்பாக்கி எங்கடான்னு எவனாச்சும் கேட்டா, யாருகிட்ட இருக்குதுன்னு சொல்லோணுமல்ல."

அவளிடம் சாவிகூட இல்லை. சௌம்யா ரசீதின் பின்புறம் தன் பெயரை எழுதி, அடியில் போன் நம்பரும் போட்டாள். லிங்கப்பன் அதை ஊதிக் காயவைத்துச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ரசீதையும் திருப்பி மேஜைமேல் வைக்க ஆரம்பித்தார்கள்.