பாலத்தின் புதுப் பலகைகள்

எட்டு மாதமாக ஆம்புரோஸ் எழுதிய மனுக்களுக்கு ஒருவழியாகப் பதில் வந்தது. சாலையைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு துரை வருகிறார்.

ஆம்புரோஸ், ஈப்போ சாலைக் கமிட்டிக்கு எழுத்துவேலை பார்க்கும் கிராணி. ஈயச் சுரங்க முதலாளிகளும் கடைக்காரர்களும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து அமைத்த கமிட்டி அது. பீடோர் போகிற சாலையை அகலப்படுத்த வேண்டும், இருபத்தாறாம் வருஷத்து வெள்ளத்தில் ஆட்டம் கண்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பணம் அரசாங்கத்திடம் இருந்தது. சட்டசபையில் எடுத்துப் பேச ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியும் இசைந்திருந்தார். ஆனால் முதலில் துரை சரி என்று எழுத வேண்டும்.

துரை கண்ணால் பார்த்தால் போதும் என்று ஆம்புரோஸ் நம்பினார். வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பாலத்தில் அவரே மூன்று முறை வண்டியைவிட்டு இறங்கி நடந்திருக்கிறார்.

துரை வந்த அன்று அவரோடு மோட்டாரில் போனபோது பாலம் வந்ததே தெரியவில்லை. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் அக்கரை போய் நின்றது.

துரை இறங்கி நடுப்பாலம்வரை திரும்பி வந்தார். பூட்ஸ் காலால் தட்டிப் பார்த்தார். இதற்கா இத்தனை மனு என்று கேட்டார். ஆம்புரோஸ் குனிந்து பார்த்தார். பத்து நாளுக்கு முன் இதே இடத்தில் பலகை இடுக்கு வழியாக ஆற்றைப் பார்த்தவர் அவர். இப்போது காலடியில் எல்லாம் புதுப் பலகை. தார் வாடை இன்னும் போகவில்லை.

அங்கே காத்திருந்த ஓவர்சியர் சதாசிவம், தன் பொறுப்பில் உள்ள சாலை எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று பணிவாகச் சொன்னார். ஆம்புரோஸுக்கு அப்போதுதான் புரிந்தது. பழுதைப் பார்த்தால் துரை முதலில் ஓவர்சியரைத்தான் கேட்பார். மனிதர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டார்.

சாலையோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த கூலிப் பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். வீரம்மா என்று பெயர். அவள் புருஷன் சன்னாசி, பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுபவன்.

“கிராணி ஐயா, தொர திரும்பவும் இது மேலதான் காரோட்டிப் போவாரா?”

வேறு வழி ஏது என்றார் ஆம்புரோஸ்.

“வேணாம்னு சொல்லுங்க. பலகதான் புதுசு. அடியில உத்தரமெல்லாம் உளுத்துப் போயிருக்கு. நாங்கதான் மூடுனோம். நாளைக்கு எங்க வீட்டுக்காரரு பாரத்தோட இதுலதான் வரணும்.”

அவள் கள் குடித்துவிட்டு உளறுகிறாள் என்று சதாசிவம் ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். ஆம்புரோஸ் அவர் முகத்தைப் பார்க்காமல், வீரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் துரைக்குச் சொன்னார்.

யாரும் சொல்வதற்குமுன் வீரம்மா கடப்பாறையை எடுத்து வந்து ஒரு பலகையை நெம்பினாள். ஆணி கிறீச்சிட்டுக் கழன்றது. கீழே இருந்த உத்தரத்தில் கடப்பாறையை ஊன்றினாள். மரம் ஈரப் புட்டுபோல் உதிர்ந்து, ஈயமண் கலங்கி ஓடிய ஆற்றில் விழுந்தது. கடப்பாறை பாதிவரை இறங்கியது.

துரையின் முகம் வெளுத்துப்போனது. சற்றுமுன் அந்த இடத்தின்மேல்தான் கார் வந்திருந்தது. ஆம்புரோஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். காரைத் திருப்பிக்கொண்டு வர டிரைவர் மறுத்துவிட்டான். துரையும் அவனை வற்புறுத்தவில்லை. காரை அக்கரையிலேயே விட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் ரயிலேறி ஈப்போ திரும்பினார்கள்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. இரும்புப் பாலத்துக்குப் பணம் உண்டு. அகலப்படுத்துவதைப் பிறகு பார்க்கலாம். ஓவர்சியரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆம்புரோஸ் அந்தச் செய்தியை வீரம்மாவிடம் தாமே சொல்லப் போனார். கல் உடைக்கிற இடத்தில் அவளைக் காணோம். சர்க்கார் பாலத்தை உடைத்தாள் என்று மறுநாளே ஓவர்சியர் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்றாள் மங்களம் என்ற கூலிப் பெண், தலை நிமிராமல்.

ஆம்புரோஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு மாதம். ஒரு நாள்கூட அவளைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

சன்னாசி வண்டி ஓட்டும் தோட்டத்துக்குத் தேடிப் போனபோது, அங்கே அவள் புல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே, அம்மா.”

“அனுப்பி என்னாங்கய்யா ஆவப் போவுது? பாலம் வருதுல்ல?” என்று கேட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டத்தில், அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க ஒரு கடிதம் எழுத அனுமதி கேட்டார் ஆம்புரோஸ். பாலம் கட்டி முடியும்வரை சதாசிவத்தின் தயவு வேண்டும் என்றார் தலைவர். ஒத்துழைப்புக்காக அவருக்கு ஒரு நன்றித் தீர்மானம் எழுதச் சொன்னார்.

தவறாகக் கேட்டோமோ என்று ஆம்புரோஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவர் எழுதுவதற்காகக் காத்திருந்தார்கள். பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்தார். இதை வேறு யாராவது எழுதட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.