மீன் கழுவிய தண்ணீரும் ஒரு டைல்ஸ் கடையும்

1.
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு டைல்ஸ் கடைக்குக் கதவுப்பிடி வாங்கப் போன இடத்தில் அகப்பட்டது. ஒரு பெண் சோடாப் போத்தலைத் திறந்து, அதில் கொண்டுவந்த மீன் கழுவிய தண்ணீரைத் தரையில் கிடந்த டைல்ஸ் ஒன்றின்மேல் ஊற்றினார். கடை முழுக்க மீன் வெடில். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.
முதல் தொடக்கம்: எங்கள் தீவின் நாரந்தனைக் கடல் அன்று காலை...

(வேண்டாம். கடல் தன்பாட்டில் கிடக்கட்டும்.)

மறுபடி: அந்தப் பெண்ணுக்கு மேரிசுகந்தி என்று பெயர் வைத்தேன். கணவர் வின்சன்ற், கடற்றொழிலாளி. போன வருடம் வள்ளத்தில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். இப்போது திரும்பவும் தொழிலுக்குப் போகிறார். இன்னொருமுறை விழுந்தால் எழும்ப ஏலாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவர்களின் புதுக் குளியலறைக்கு டைல்ஸ் தெரிவு செய்கிறவர் வின்சன்றின் தம்பி ஜெகதீஸ். இருப்பது கனடாவில், காசும் அவருடையது. எப்போதாவது கோயில் திருநாளுக்கு வந்து இரண்டு கிழமை நிற்பார். நாள்தோறும் குளிக்கிறவர்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பது எங்கள் தீவுகளில் யாருக்கும் தோன்றுவதில்லை. (இது கட்டுரை வாக்கியம். வெட்ட மனம் வரவில்லை.)

3.
கடையிலிருந்து வீடியோ அழைப்பு.

"அண்ணி, அந்த வெள்ளை மினுங்கலைக் காட்டுங்கோ. ஓம், அதுதான். ஹோட்டல் மாதிரி இருக்கும்."

"தம்பி, அதில மீன்தண்ணி ஊத்தி ஏறிப் பாத்தனான். கால் நிக்குதில்லை."

"ஆர் அண்ணி பாத்ரூமுக்குள்ள மீன் கழுவுறது?"

"உங்கடை அண்ணர் கடலால வந்து நேரை அதுக்குள்ளதானே போறவர். எங்களுக்குச் சொரசொரப்பானதே போதும்."

"அது மாட்டுக்கொட்டில் மாதிரியெல்லே கிடக்கும்!"

4.
ஜெகதீஸைக் கெட்டவனாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் தவறாமல் அழைத்து அழுதவர் அவர். அண்ணன் ஒரு முதலாளி மாதிரிக் குளிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அந்த ஆசைதான் வழுக்குகிறது.

5.
முடிவு ஒன்று: வெள்ளை பதிக்கிறார்கள். வின்சன்ற் விழுகிறார். கதை நன்றாக வரும்.

எழுதத் தொடங்கியதும் மேரிசுகந்தி குறுக்கே வந்தார். "கதைக்கு ஒராள் விழத்தான் வேணுமெண்டால் நீங்கள் விழுங்கோ. என்ரை மனிசனை விடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது நியாயம்.

முடிவு இரண்டு: சொரசொரப்பு பதிக்கிறார்கள். ஜெகதீஸ் கொஞ்சக்காலம் அழைப்பெடுக்கவில்லை. வின்சன்ற் குளிக்கிறார், தலை துவட்டுகிறார், சோறு கேட்கிறார். (இதை யார் வாசிப்பார்கள்?)

6.
வின்சன்ற் கடலால் வந்துவிட்டார். தோளில் துவாய், காலில் மீன் செதில். குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தரை ஈரம்.

எந்த டைல்ஸ் என்று நான் எழுதவில்லை. நீங்களே பதித்துவிடுங்கள். கெதியாய்ப் பதியுங்கள், அவர் காலைத் தூக்கிவிட்டார்.