பின் இருக்கையில் மணல் மூட்டைகள்

1

இந்தக் கதை எனக்குக் காபி இயந்திரத்தின் முன்னால் கிடைத்தது. இத்தாலியின் தூரின் நகரில் கார் செய்யும் ஒரு கம்பெனியின் உணவுக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காபி ஊற்றுகிறேன். ஒரு திங்கட்கிழமை, சோதனை ஓட்டுநர் எவாசியோ குடிக்காமலே கோப்பையைத் திருப்பித் தந்துவிட்டு நடந்ததைச் சொன்னான். அன்றிலிருந்து அதை எழுதப் பார்க்கிறேன்.

தொடங்குகிறேன்: மூடுபனி விலகும் வேளையில் சிவப்புக் குதிரை போல அந்த வண்டி —

(இல்லை. வெளியீட்டுக்கு முன் வண்டியின் உருவம் தெரியாமலிருக்க உடம்பெங்கும் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டியிருப்பார்கள். குதிரைதான் வேண்டுமென்றால் வரிக்குதிரை.)

2

வெளியீட்டுக்கு ஒன்பது நாள். அறுபது வருடமாக இருவர் அமரும் பந்தய வண்டிகளையே செய்தவர்களின் முதல் நாலு கதவு வண்டி. கோட்டு போட்ட மேலாளருக்கானது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கோட்டு மறந்துபோகும். மேடைக்கு அதை ஓட்டிவரப்போவது எவாசியோ. பதினொரு வருடம் காத்திருந்து கிடைத்த பெருமை.

சோதனையில் பின் இருக்கையில் ஆளுக்குப் பதில் எழுபத்தைந்து கிலோ மணல் மூட்டைகள். வெளியாளை ஏற்றினால் வேலை போகும் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை, ஆஸ்தி என்ற ஊரின் மலைச்சாலையில் பியெரீனா என்ற பெண் பெரிய கேக்கை ஏந்தியபடி நடந்துகொண்டிருந்தாள். மகளின் முதல் நற்கருணை விருந்துக்கு. பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. தேவாலயப் பூசைக்கு அரை மணி நேரமே இருந்தது. முன் இருக்கையில் அளவுக் கருவிகள் இருந்ததால், எவாசியோ ஒரு மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டு அவளைப் பின்னால் ஏற்றினான்.

வேகம் நூற்றுப்பத்தைத் தொட்டதும் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, பின்னாடி உட்கார்றவங்க மேல உங்க கம்பெனிக்கு என்ன கோவம்?"

"ஏம்மா?"

"காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு. இத இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

அவன் காதில் விழுந்தது எஞ்சினின் பாட்டு மட்டுமே. "மூட்டைங்க ஒண்ணும் சொல்லலைம்மா" என்றான்.

3

இதை அவன் மேலே போய்ச் சொல்வானா என்று இங்கே எவாசியோவைச் சந்தேகித்தேன். முதல் வரைவில் அவனை வாய் திறக்காமல் இருக்கவைத்தேன். வேலை தப்பியது, மேடையும் கிடைத்தது. கதை அரைப் பக்கத்தில் செத்துப்போனது. (பேனாவை வைத்துவிட்டு ஒரு ஜெபம் சொன்னேன். கதைக்காகவும் ஜெபிக்கலாம் என்றே நம்புகிறேன்.)

உண்மையில் அவன் தலைமைப் பொறியாளர் தொனாத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"யாரக் கேட்டு ஏத்துன?"

"யாரையும் கேக்கல, இன்ஜினியரம்மா. கையில கேக்கோட நடந்துட்டிருந்தாங்க."

அவர் மேசையிலிருந்து, நிரப்பினால் வேலை போகும் விதிமீறல் தாளை எடுத்தார். நிரப்பாமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இத அப்புறம் பார்ப்போம். சாவிய எடு. நான் பின்னாடி உட்கார்றேன்."

நூற்றுப்பத்தில் அவர் கை தானாகக் காதுக்குப் போனது. "அறுபது வருஷமா நாம முன்னாடி மட்டுமே உட்கார்ந்திருக்கோம்டா" என்றார்.

அதன்பின் வந்த வாரத்தை எழுதக் கை துடிக்கிறது! வண்டுச் சத்தத்துக்குக் காரணமான, புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களை மாற்றினார்கள், ஓட்டினார்கள், மறுபடி மாற்றினார்கள். மூட்டைகளை இறக்கிவிட்டு எழுத்தர், சமையல்காரர், வாயிற்காவலர் என்று முறைவைத்து ஏற்றினார்கள். நானும் உட்கார்ந்தேன். நூற்று அறுபதில் வண்டு இல்லை. கையிலிருந்த காபியும் சிந்தவில்லை.

4

வெளியீட்டு நாள். விளக்குகள், ஆயிரம் பேர், பட்டுத் துணிக்கடியில் வண்டி. உள்ளே எவாசியோ. துணி சரிந்து அவன் மேடைக்கு ஓட்டிவந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. தொனாத்தா முன் கதவுக்குப் போகவில்லை. பின் கதவைத் திறந்துவைத்தார். அவர் அழைத்து முதல் வரிசையில் இடம் கொடுத்திருந்த பியெரீனா அதை நோக்கி நடந்தாள்.

எவாசியோவுக்கோ தொனாத்தாவின் சட்டைப் பையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருந்தது.

ஒரு முடிவில் அவர் அதைக் கிழிக்கிறார். இன்னொன்றில், விதி விதிதான் என்று அழுதுகொண்டே —

(எழுத மாட்டேன்.)

வாசகரே, தாளை உங்களிடம் தருகிறேன். நிரப்புவதோ கிழிப்பதோ உங்கள் விருப்பம். ஆனால் பேனாவை எடுக்குமுன் ஒருமுறை ஏறிப் பின்னால் உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கிறது. மடியில் வைத்துக்கொள்ள ஒரு துண்டு கேக்கும் இருக்கிறது.