மரத்தூள் அடைத்த மூட்டு

மலிவு என்று காதில் விழுந்தால் போதும், நம் பேருந்து நடத்துநருக்குக் கால் தரையில் நிற்காது. மகளுக்கு அடுக்குக் கட்டில் செய்யக் கிளம்பியவரிடம் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "நல்ல உளியா ஒண்ணே ஒண்ணு வாங்குங்க, போதும்." அதே விலைக்கு ஆறு உளிகள் ஒரு பெட்டியில் பளபளத்தன. மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கட்டிலின் முதல் காலில் துளை வெட்டும்போதே ஓர் உளி மழுங்கியது. அடுத்தது முனை மடங்கியது. ஆத்திரத்தில் ஓங்கி ஓங்கி அடித்ததில் துளை வாயைப் பிளந்துகொண்டது. அதற்குள் செருகிய சட்டம் லொடலொடவென்று ஆடியது. வேறு மரம் வாங்கினால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? கடையிலேயே கட்டிலை வாங்கிவிடலாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டவள் அவள். மரத்தூளையும் பசையையும் குழைத்து இடைவெளியை அடைத்தார். உப்புத்தாளால் தேய்த்ததும் மூட்டு அழகாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் மேல்தட்டில் ஏறிக் குதித்தாள். கீழ்த்தட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். 'கிர்ர்' என்றது கட்டில். அவர் ஓடிப்போய் மரத்தூள் அடைத்த அந்தக் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, கட்டிலுக்குக் காவலா?" என்று சிரித்தாள் மனைவி.

"சும்மாதான். நீ கூடத்துல போய் மடியேன்."

"ஏன், இங்க மடிச்சா மடியாதா?"

ஏணியில் பாதி ஏறிய பக்கத்து வீட்டுச் சிறுமி நின்றுவிட்டாள். "ஏய், இது ஆடுதுடி."

"எங்கப்பா செஞ்சது. விழவே விழாது. வா!" என்றாள் மகள்.

உள்ளங்கைக்குள் சட்டம் நகர்வது அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"விழும்மா. இறங்கிடு."

"பொய் சொல்றாருடி," என்று மகள் இன்னொரு குதி குதித்தாள்.

"சத்தியமா விழும்!" கத்தியேவிட்டார். ஒரு கையால் காலைத் தாங்கியபடி, மறுகை நகத்தால் மூட்டைக் கீறினார். காய்ந்த மரத்தூள் கட்டியாகப் பெயர்ந்து, மடித்த துணியின் மேல் விழுந்தது. விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

மனைவி எழுந்து சட்டத்தின் மறுமுனையைத் தாங்கினாள். சிறுமி குதித்து ஓடினாள்.

மகள் ஓட்டையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இறங்குவதற்கு அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், அம்மா பக்கமாக இறங்கினாள்.