மாடி மெயின்

லைன்மேன் சங்கிலிபூதத்தான் கரண்ட் அடித்துச் செத்த மூன்றாம் நாள், பத்தமடை வாய்க்கால் ஓரத்து டிரான்ஸ்பார்மர் அடியில் விசாரணை நடந்தது. ஒயர்மேன் ஆவுடைநாயகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு நாளாகப் பசிக்கவில்லை. அழுகையும் வரவில்லை.

"லைன்மேன் சுவிட்சை இறக்காம ஏறிட்டாருன்னுதான் எழுதணும் போலிருக்கு" என்றாள் பொறியாளர் மதுமதி.

மேலேயிருந்து வரும் மின்சாரத்தை வெட்டும் கைப்பிடி அது. சங்கிலிபூதத்தான் விழுந்ததும் ஓடிவந்தவர்கள் ஆளாளுக்கு அதைப் பிடித்து இழுத்ததில், முதலில் எப்படி இருந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை. தப்பு செத்தவன் மேல் என்றால் அவன் மனைவி பாக்கியவதிக்கு வாரிசு வேலை கிடைப்பது சந்தேகம்.

"வீட்டுல பல்பு மாட்டக்கூட மெயினை இறக்கிட்டுத்தான் ஏறுவாக" என்றாள் பாக்கியவதி.

ஆவுடைநாயகத்துக்கு மட்டும் தெரியும். அன்று காலை டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விட்டது. அதைப் போடத்தான் சங்கிலி ஏறினான். எதிரே கல்யாண வீடு. அவசரமாக மேலப்பாளையத்திலிருந்து லாரியில் ஜெனரேட்டர் வந்தது. தெரு லைனுக்குக் கரண்ட் போகாதபடி கீழ்வீட்டு மெயினை இறக்கிவிட்டு அதை இணைத்தான். மாடியில் தம்பிக்காரர் குடும்பம், தனி மீட்டர், தனி மெயின். பந்தல் விளக்குக்காக இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஒயரை முந்தின நாள் அவனேதான் இழுத்திருந்தான். மாடி மெயின் ஞாபகத்துக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. "கரண்ட் வந்துட்டு" என்று ஒரு குரல் கேட்டது. அதற்குள் கம்பத்தடியில் கூச்சல்.

பேட்டை ஐ.டி.ஐ.யில் அவனும் சங்கிலியும் ஒரே பெஞ்சு. டிரான்ஸ்பார்மர் பாடத்தை அங்கே விளக்கிச் சொன்னதே சங்கிலிதான். "இங்கன தடிக்கம்பி ஒரு சுத்துன்னா அங்கன சன்னக்கம்பி நாப்பத்தி நாலு சுத்து. அதனாலதான் பதினோராயிரம் இருநூத்தம்பதா இறங்குது. இருநூத்தம்பதை இந்தப் பக்கமா விட்டுப் பாரு, பதினோராயிரமாத் திரும்பி ஏறும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாதுலே, உன் மூஞ்சி மாதிரி." பெஞ்சே சிரித்தது.

மதுமதி பேனாவைத் திறந்தாள்.

"மேடம், சுவிட்சை அவன் இறக்கித்தான் இருந்தான்" என்றான் ஆவுடைநாயகம்.

"நீங்க பாத்தியளா அண்ணாச்சி?"

"பாக்கலை. ஆனா கரண்ட் மேலேருந்து வரலை. கல்யாண வீட்டு ஜெனரேட்டர்லேருந்து, மாடி மெயின் வழியா லைனுக்குப் போயி, டிரான்ஸ்பார்மர்ல திரும்பி ஏறியிருக்கு. நான் அதை இறக்கலை. அடுத்த வீட்டுல மிக்ஸி ஓடுச்சு, கேட்டுப் பாருங்க."

அவன் குரல் வேறு யாரோ பேசுவதுபோல அவனுக்கே கேட்டது. மதுமதி டிரான்ஸ்பார்மரிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போகும் ஒயரைப் பார்த்தாள்.

"உங்க மேல கேஸ் வரும். தெரியும்லா?"

"தெரியும்."

பாக்கியவதி எழுந்து அவன் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தாலும் சரிதான் என்றிருந்தது.

"அப்ப அவுக இறக்கிட்டுத்தான் ஏறுனாகளா?"

"ஆமா மைனி."

அவள் மதுமதியிடம் திரும்பினாள். "அதை மொதல்ல எழுதுங்க."

மதுமதி எழுதினாள். எழுதி முடித்துத் தாளை நீட்டியபோது ஆவுடைநாயகம் கையெழுத்துப் போட்டான்.