பதினோரு மாதம் நின்ற ஃபியட்

காரைத் துடைப்பதில் அனந்தராமனை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது. தினம் காலை ஏழு மணிக்கு ஷெட்டைத் திறந்து ஃபியட்டைப் பளபளவென்று துடைப்பார். இன்ஜினைப் போட்டுப் பத்து நிமிஷம் உறும விடுவார். பிறகு அணைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். பதினோரு மாதமாக இதே கூத்து. வண்டி ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. கேட்டவர்களிடம் பெட்ரோல் விலையைச் சொல்லிப் புலம்புவார். அதெல்லாம் சும்மா. பதினோரு மாதத்துக்கு முன் மந்தைவெளி முனையில் பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தியின் சைக்கிளை இடித்துத் தள்ளிவிட்டார். அவள் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து போய்விட்டாள். இவருக்குத்தான் அதற்குப் பிறகு வண்டியை ரோட்டுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. இது மனைவி விஜயலக்ஷ்மிக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு பந்த் நாள். காலை பத்தரைக்கு டெலிபோன் அடித்தது. அடையாறு நர்ஸிங் ஹோம் ஒன்றிலிருந்து டாக்டர் பேசினார். பிரசவமான பெண் ஒருத்திக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஓ நெகடிவ் வேண்டும். ரத்ததானப் பட்டியலில் கிட்டத்தில் இருப்பவர் அனந்தராமன் ஒருவர்தான்.

"எங்க ஆம்புலன்ஸ் பெரம்பூர் பக்கம் மாட்டிக்கிச்சு சார். அரை மணி நேரத்துல வந்தீங்கன்னா காப்பாத்திடலாம். உங்ககிட்ட வண்டி இருக்கா?"

"வண்டி... வந்து..." என்று இழுத்தார் அனந்தராமன். காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற விஜயலக்ஷ்மி ரிசீவரைப் பிடுங்கினாள். "இருக்கு டாக்டர், இதோ கிளம்பியாச்சு" என்று சொல்லி வைத்தும் விட்டாள்.

"நோக்கென்ன பைத்தியமா? ஆட்டோ பாக்கலாம்."

"பந்த் அன்னிக்கு எந்த ஆட்டோக்காரன் வருவான்? ரோட்டுல ஈ காக்கா இல்லை. யார் மேலன்னா மோதப் போறேள்? ஏறுங்கோ."

முதல் சாவியிலேயே இன்ஜின் கிளம்பியது. தினசரி பூஜை வீண்போகவில்லை என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டார். கேட்டைத் தாண்டியதும் ஆரம்பித்தது சனியன். டொக், டொக், டொக். தரையிலிருந்து யாரோ உலக்கையால் இடிப்பதுபோல் சீட் குலுங்கியது. ஸ்டியரிங் கைக்குள் குதித்தது. வேகம் கூட்டினால் இடியும் கூடியது.

குளத்தங்கரையில் நிறுத்தி இறங்கினார். நாலு சக்கரத்தையும் உதைத்துப் பார்த்தார். நட்டு எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஏன் இந்தச் சத்தம்? சக்கரம் கழன்று போய் யார் மேலாவது ஏறினால்? மறுபடி ஏறி, மாட்டு வண்டி வேகத்தில் உருட்டினார். மந்தைவெளி முனை வந்ததும் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"என்னால முடியாதுடி. நீ போன் பண்ணிச் சொல்லிடு."

"அந்தப் பொண்ணு செத்துப் போயிட்டா, தினம் ஏழு மணிக்கு இந்த வண்டியை எந்த மூஞ்சியோட துடைப்பேள்?" என்று கேட்டாள் விஜயலக்ஷ்மி.

எதிரே பஞ்சர் கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த நாகராஜ் தானாகவே எழுந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் குனிந்து டயரைத் தடவினான்.

"எவ்ளோ நாளா சார் நிக்குது?"

"பதினோரு மாசம். ஆனா தினம் ஸ்டார்ட் பண்றேனே!"

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணா டயருக்கு இன்னா சார் தெரியும்? ஒரே எடத்துல குந்திக்கினு வெயிட்டத் தாங்கி, தரையில பட்ட எடம் சப்பையாயிடுச்சி. நாலும் அப்டித்தான் கீது. காத்தும் கம்மி." பேசிக்கொண்டே காற்றுக் குழாயை இழுத்து வந்து மாட்டினான். "வெடிப்பு இல்ல, பயப்படாத. நாப்பதுல ஓட்டு. டயர் சூடேறுச்சின்னா சத்தம் கொறையும். நின்னு நின்னு போனா சூடேறாது. நிறுத்தாத சார், அவ்ளோதான்."

மணி பத்து ஐம்பத்தைந்து. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். கிரீன்வேஸ் சாலை முழுக்க டொக் டொக்கென்று இடித்தது. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒரு சைக்கிள் நிற்பதாகத் தோன்றியது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கத் துணிச்சலில்லை. பாலத்து முகப்பில் கொடியும் கையுமாகப் பத்து ஆட்கள் குறுக்கே நின்றார்கள். அனந்தராமன் கால் பிரேக்குக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்கோ!" என்று அலறிய விஜயலக்ஷ்மி, இடுப்பு வரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தாள். "ரத்தம் குடுக்கப் போறோம்! ஒரு உசிரு போயிண்டிருக்கு! வழி விடுங்கோப்பா!"

கும்பல் ஒரு கணம் திகைத்து, பிறகு விலகியது. "போ நைனா, போ போ!" என்று ஒருவன் கொடியாலேயே வழி காட்டினான். பாலத்தைத் தாண்டும்போதுதான் கவனித்தார், இடி தணிந்திருந்தது. அடையாறு சிக்னலில் அது முனகலாகிவிட்டது. நர்ஸிங் ஹோம் வாசலில் அவர் இறங்கியபோது மணி பதினொன்று பத்து. பத்து நிமிஷம் தாமதம்.

மேட்ச் பார்த்து, ரத்தம் எடுத்து, ஒரு டம்ளர் ஜூஸையும் கையில் கொடுத்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதே பெஞ்சின் கோடியில் பிரசவமான அந்தப் பெண் ஜமீலுன்னிசாவின் அம்மா, நஸ்ருன்னிசா, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அனந்தராமன் ஜூஸைத் தொடவில்லை. குளத்தங்கரையில் எத்தனை நிமிஷம், மந்தைவெளியில் எத்தனை நிமிஷம் என்று மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது.

முக்கால் மணி கழித்து நர்ஸ் வந்தாள். "ரத்தப்போக்கு நின்னுடுச்சும்மா. பொண்ணு கண்ணு முழிச்சிட்டா."

நஸ்ருன்னிசா ஓவென்று அழுதபடி அவருடைய கட்டுப்போட்ட கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவருக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா, வேண்டாம். வழியில ரெண்டு எடத்துல நின்னுட்டேன். வண்டி மேல பழியைப் போட்டேன். நிஜத்துல பயம். திரும்பிப் போயிடலாம்னுகூட நினைச்சேன்."

அவள் அவரையே பார்த்தாள். கையை விடவில்லை.

"அதுக்கு இன்னாண்ணே? போவலையே. வந்துட்டீங்களே."

அனந்தராமன் குழந்தைபோல் விசும்பினார். விஜயலக்ஷ்மி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரத்தம் எடுக்கப் போகும்போது அவர் தன்னிடம் கொடுத்திருந்த கார் சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.